காரியாபட்டி ஜெயித்த நாள்

ஒன்று, தேசியக் கோப்பையை வென்ற விருதுநகர் மாவட்டத்துக் கிளப். இன்னொன்று, 53,000 பேர் பார்க்க ஆடிவிட்டு மறு வருடமே மைதானத்தை இழந்த இங்கிலாந்துக் கிளப். இரண்டும் பெண்கள் ஆடிய கால்பந்துக் கிளப்புகள்.

2019 மே 22-ஆம் தேதி பஞ்சாபின் லூதியானாவில், குரு நானக் மைதானத்தில், இந்தியப் பெண்கள் லீக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் மணிப்பூர் போலீஸ். இந்தியாவில் பெண்கள் கால்பந்து என்ற பேச்சை எடுத்தாலே முதலில் வருவது மணிப்பூர்தான். அந்த அணியின் பாலா தேவி அந்தத் தொடரில் மட்டும் 26 கோல் அடித்திருந்தார். அடுத்த ஜனவரியில் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. எதிர்ப்பக்கம், தொடங்கி மூன்று வருடமே ஆன சேது எஃப்.சி. ஆட்டம் முடிந்து விசில் ஊதியபோது கணக்கு சேது 3, மணிப்பூர் போலீஸ் 1. நாட்டின் பெண்கள் லீக் கோப்பை முதல் முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

மறுநாள் மே 23. நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணும் நாள். தமிழ்நாட்டில் அதோடு 22 சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல்களின் முடிவும் அன்றுதான். அதில் ஒன்று நம் சாத்தூர். டீக்கடையில் இருந்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் என்று மாவட்டமே டி.வி. முன்னால் இருந்தது. அந்த இரைச்சலில் கோப்பை வந்த சேதி யார் காதிலும் விழவில்லை. இன்றைக்கும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலோ நின்று, "இந்தியாவையே ஜெயிச்ச ஒரு கால்பந்து டீம் நம்ம மாவட்டத்துல இருக்கு, தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய கோல்களை நிமிடக் கணக்கோடு சொல்லும் இளைஞர்கள்கூட விழிப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நமக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

புல்லூரிலிருந்து

சேது எஃப்.சி.யை வெளியூர்க்காரர்கள் மதுரை அணி என்பார்கள். மதுரைக்கு அது பக்கம்தான். ஆனால் கிளப்பின் வேர் இருப்பது விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி வட்டாரத்தில், புல்லூரில் உள்ள சேது பொறியியல் கல்லூரியில். அந்தக் கல்லூரிக் குடும்பத்தைச் சேர்ந்த சீனி முகைதீன் 2016-இல் இந்தக் கிளப்பைத் தொடங்கினார். ஆண்கள் அணிக்கு ஸ்பான்சர் தேடுவதே மலையேறும் வேலை. பெண்கள் அணியை மட்டும் நம்பி, கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு கிளப் தொடங்கத் தனித் துணிச்சல் வேண்டும். அவரிடம் ஒரு முதல் இருந்தது, அது பணத்தைவிடப் பெரியது. கல்லூரி வளாகத்தில் மைதானமும் தங்குமிடமும் இருந்தன. வீட்டை விட்டு வரும் பெண் பிள்ளைக்கு இந்த இரண்டும் இருந்தால் பாதி ஆட்டம் அங்கேயே ஜெயித்தாகிவிட்டது.

2018-இல் சேது செய்த காரியம் அன்றைக்கு இந்தியாவுக்கே புதுசு. வங்கதேசத்தின் சபீனா காத்தூனையும் கிருஷ்ணா ராணி சர்க்காரையும் கூட்டி வந்து ஆட வைத்தது. நான்கு வருடம் கழித்து, 2022 செப்டம்பரில், காத்மாண்டுவில் நடந்த தெற்காசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் வங்கதேசம் நேபாளத்தை 3-1 என்று வென்றது. கோப்பையைத் தூக்கிய கேப்டன் சபீனா. இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் கிருஷ்ணா. டாக்காவில் அவர்களுக்காகக் கூரையில்லாத பஸ் ஊர்வலம் நடந்தபோது, அந்த இருவரும் ஒரு காலத்தில் நம் மாவட்டத்து அணியின் சட்டை போட்டவர்கள் என்று நினைத்துப் பார்க்க இங்கே நாலு பேர் இருந்திருப்பார்களா!

தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு 2019 ஓர் அபூர்வமான வருடம். மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. ஆண்களுக்கான ஐ-லீக்கை வென்றது. கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாப் முதல் சில நிமிடங்களிலேயே கோல் போட்டுவிட, ஈஸ்ட் பெங்கால் அணி ஒரு புள்ளி வித்தியாசத்தில் காத்துக்கொண்டிருக்க, இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி ஒரு பெனால்டியும் தற்காப்பு வீரர் கௌரவ் போரா இரண்டு கோல்களும் அடித்து 3-1 என்று ஆட்டத்தைத் திருப்பினார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் சேது. ஆண்களின் தேசிய லீக் ஒன்றும் பெண்களின் தேசிய லீக்கும் ஒரே சீசனில் ஒரே மாநிலத்துக்கு வந்தன. சென்னை சிட்டி இரண்டு மூன்று வருடத்துக்குள் தேசிய லீக்கிலிருந்தே மறைந்துபோனது. சேது தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்காகவே சேதுவைக் கொண்டாட வேண்டும் என்பேன்.

தோல்வியிலும் அந்த அணிக்கு மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. 2022 மே 26, புவனேஸ்வர் கலிங்கா மைதானம். சேதுவும் கேரளத்தின் கோகுலமும் அதுவரை ஆடிய 10 ஆட்டங்களிலும் தோற்கவில்லை, டிரா கூட இல்லை. பதினோராவது ஆட்டம் இவர்கள் இருவருக்கும் இடையில். ஜெயிப்பவருக்குக் கோப்பை. மூன்றாவது நிமிடத்திலேயே ரேணு, சேதுவுக்காகக் கோல் போட்டார். பிறகு ஆஷாலதா தேவியின் பெனால்டியில் கோகுலம் எழுந்தது. கானா நாட்டு எல்ஷடாய் ஒன்று, மனிஷா கல்யாண் ஒன்று. 3-1. மனிஷா அதே வருடம் சைப்ரஸ் நாட்டுக் கிளப்புக்குப் போய், ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அப்பேர்ப்பட்டவர்களோடு கடைசி ஆட்டம் வரை கோப்பைக்கு மோதிய அணி நம்முடையது.

ஒரு குறை மட்டும் மனதை உறுத்துகிறது. இந்த லீக் 2023 வரை ஏதாவது ஒரே ஊரில் எல்லா அணிகளையும் கூட்டி நடத்தப்பட்டது. ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத் என்று ஊர் ஊராகப் போனது. அதனால் சேது கோப்பையை வென்ற வருடத்தில் அந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூடக் காரியாபட்டிக்காரரோ அருப்புக்கோட்டைக்காரரோ நேரில் பார்க்க வழியில்லை. சொந்த ஊர் மைதானத்தில் சொந்த ஊர் ஜனம் பார்க்காத கிளப்பின் கதை அந்த ஊரில் தங்காது.

சொந்த ஊர் ஜனம் பார்த்த பெண்கள் கிளப் ஒன்று உண்டு. நூறு வருடத்துக்கு முன்பு, இங்கிலாந்தில்.

பிரஸ்டன் ஆலைப் பெண்கள்

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர். பஞ்சாலைச் சீமை. அதில் பிரஸ்டன் என்ற ஊர். கால்பந்து ரசிகர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. 1888-89-இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் அதை வென்ற பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் ஊர். அதே ஊரில் டிராம் வண்டியும் ரயில் சாமானும் செய்த டிக் கெர் என்ற தொழிற்சாலை இருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். தொழிற்சாலை பீரங்கிக் குண்டு செய்யத் தொடங்கியது. அந்த வேலைக்குப் பெண்கள் வந்தார்கள்.

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. வெடிமருந்தோடு புழங்கும் வேலை எப்படி இருக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அன்றைய இங்கிலாந்தின் வெடிமருந்து ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் பலருக்குத் தோலே மஞ்சளாகிப்போனது. மஞ்சள் நிறக் குருவியின் பெயரை வைத்து அவர்களை அழைத்தார்கள். வேலை ஆபத்தானது, நேரமோ நீளம். சாப்பாட்டு வேளையில் முற்றத்தில் பையன்கள் பந்து உதைப்பார்கள். 1917-இல் உற்பத்தி இறங்கிய ஒரு சமயம், பெண்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். உடை மாற்றும் அறையின் சின்ன ஜன்னல்தான் அவர்களுக்குக் குறி. கிரேஸ் சிபர்ட் என்ற தொழிலாளி பையன்களைப் பந்தயத்துக்கு இழுத்தார். அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃப்ராங்க்லாண்ட் மாடி ஜன்னல் வழியே இதைப் பார்த்து, இவர்களை ஓர் அணியாகத் திரட்டலாமே என்று நினைத்தார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று டிக் கெர் லேடீஸ் அணி, இன்னொரு தொழிற்சாலைப் பெண்களோடு மோதியது. ஆடிய இடம் டீப்டேல், பிரஸ்டன் நார்த் எண்டின் சொந்த மைதானம். 10,000 பேர் பார்க்க வந்தார்கள். 4-0 என்று ஜெயித்தார்கள். வசூலில் 200 பவுண்டு, காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்குப் போனது. போர் முடிந்தது, குண்டு வேலை நின்றது, இவர்களின் ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

1920 இவர்களின் பொற்காலம். அந்த வசந்தத்தில் பாரிஸிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்தது. டீப்டேலில் 25,000 பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள். டிசம்பர் 16 அன்று இரவு ஆட்டம். அந்தக் காலத்தில் மைதானத்துக்கு மின்விளக்கு ஏது! விமானங்களைத் தேடப் பயன்படும் ராணுவ விளக்குகள் இரண்டைக் கேட்டு எழுதினார்கள். போர்த்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அனுமதி கொடுத்தார். பந்து இருட்டில் தெரிய வேண்டும் என்று அதற்கு வெள்ளையடித்தார்கள். 12,000 பேர் வந்தார்கள்.

பத்து நாள் கழித்து வந்ததுதான் பெரிய நாள். 1920 டிசம்பர் 26, லிவர்பூல், எவர்டன் கிளப்பின் குடிசன் பார்க் மைதானம். எதிரணி செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள். உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். டிக் கெர்ரின் முன்னணி கோல் வீராங்கனை ஃப்ளோரி ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். முதல் பாதியில் ஜென்னி ஹாரிஸ் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில், பின்களத்தில் ஆடும் கேப்டன் ஆலிஸ் கெல் முன்னே வந்து நின்று மூன்று கோல் அடித்தார். 4-0. வசூல் 3,115 பவுண்டு. போரில் ஊனமுற்றவர்களுக்கும் வேலையில்லாமல் திரும்பிய சிப்பாய்களுக்கும் போனது.

அந்த அணியில் ஒரு பதினைந்து வயதுப் பெண் இருந்தாள். லில்லி பார். அவளும் செயின்ட் ஹெலன்ஸ்காரிதான். முதல் சீசனிலேயே 43 கோல். இடது காலால் அவள் அடித்தால் கோல்கீப்பர் கையை வைக்கவே யோசிப்பார் என்பார்கள். 1951 வரை, ஏறக்குறைய முப்பது வருடம் ஆடினார். ஒரு மனநல மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்.

மைதானத்தைப் பூட்டியவர்கள்

1921-இல் டிக் கெர் அணி 67 ஆட்டங்கள் ஆடியது. எல்லோரும் முழுநேர வேலைக்குப் போனவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்த வருடம் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்து தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அவர்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடி நிதி திரட்டின. ஆண்கள் கால்பந்தை நடத்திவந்த இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு இதெல்லாம் ரசிக்கவில்லை. கூட்டம் அங்கே போகிறது, பணம் அங்கே போகிறது, அரசியலும் உள்ளே வருகிறது.

1921 டிசம்பர் 5 அன்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம் என்றது. வசூலில் அளவுக்கு மீறிச் செலவுக்கு எடுக்கிறார்கள் என்றது. கடைசியாக, சங்கத்தில் உள்ள கிளப்புகள் பெண்கள் ஆட்டத்துக்குத் தங்கள் மைதானத்தைத் தரக் கூடாது என்றது.

இந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெண்கள் பந்தைத் தொடக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. யாரையும் கைது செய்யவில்லை. மைதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதுவே போதுமாக இருந்தது. 53,000 பேர் உட்காரும் இடத்தில் ஆடியவர்கள் ஊர்ப் பூங்காக்களிலும் புல்வெளிகளிலும் ஆட வேண்டி வந்தது. கேலரி இல்லை, டிக்கெட் இல்லை, பத்திரிகைக்காரரும் வரவில்லை. கூட்டம் கரைந்தது. 1922-இல் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே பெண்கள் அணிகள் இல்லாததால் ஆண்கள் அணிகளோடு 9 ஆட்டம் ஆடினார்கள். மூன்றில் வெற்றி, மூன்றில் டிரா, மூன்றில் தோல்வி. பிறகு பிரஸ்டன் லேடீஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1965 வரை தாக்குப்பிடித்தார்கள். இங்கிலாந்தில் அந்தத் தடை 1970-71-இல்தான் நீங்கியது. ஐம்பது வருடம்! மேற்கு ஜெர்மனி 1955-இல் இதே போலத் தடை போட்டு 1970-இல் எடுத்தது. கால்பந்தை மூச்சாகக் கொண்ட பிரேசில் 1941-இல் போட்ட தடையை 1979-இல்தான் எடுத்தது.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. தடைக்கு ஆதரவாக அன்றைய பத்திரிகைகள் மருத்துவர்களின் கருத்தைக் கேட்டு வெளியிட்டன. பெண்ணின் உடல் இந்த ஆட்டத்தைத் தாங்காது என்று சொன்னவர்களில் லண்டனின் பெயர்பெற்ற மருத்துவர் மேரி ஷார்லீப் ஒருவர். யார் இவர்? 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அங்கே நுழைந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, உருவாகக் காரணமாக இருந்தவர். பெண் டாக்டர் ஆக முடியாது என்ற பேச்சைத் தன் வாழ்க்கையால் பொய்யாக்கியவர், பெண் பந்து ஆட முடியாது என்ற பேச்சுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டார். அவர் மருத்துவத்துக்குச் செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கால்பந்து விஷயத்தில் அவர் சொன்னது தவறு. 2022 ஜூலை 31 அன்று வெம்ப்ளியில் 87,192 பேர் முன்னால் இங்கிலாந்துப் பெண்கள் ஜெர்மனியை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்தபோது அந்தத் தவறு உலகத்துக்கே தெரிந்தது.

லில்லி பார் அதைப் பார்க்கவில்லை. 1978-இல் இறந்துவிட்டார். 2002-இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ் வரிசையில் சேர்த்த முதல் பெண் அவர். 2019-இல், சேது கோப்பை வென்ற அதே வருடம், மான்செஸ்டரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

கோழிக்கோடு, கடலூர், கட்டாக்

இந்தியாவில் யாரும் தடை போடவில்லை, உண்மைதான். கவனிக்கவும் இல்லை. 1975-இல் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் உருவானது. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1983-இல் மறுபடியும் இரண்டாம் இடம். பிறகு பல வருடம் பேச்சே இல்லை. 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியா, தகுதிச் சுற்று வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தேர்வானது. நடுவில் போன காலத்தில் எத்தனை லில்லி பார்கள் அடுப்படியிலும் தறியிலும் முடங்கினார்களோ!

தமிழ்நாட்டில் இந்த மௌனத்தை உடைத்த ஊர் கடலூர். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கான அரசு இல்லத்துச் சிறுமிகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பந்து ஆடக் கற்றுக்கொடுத்தார். இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக் கழகம் என்ற பெயரில் அந்த அணி தேசிய லீக் வரை போனது. கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் நிலையாக இடம் பிடித்து, தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். அவரும், அதே மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதனும் சேது சட்டை போட்டவர்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு, மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று இரண்டாவது முறை.

இவை தற்செயலாக நடந்தவை இல்லை. புல்லூரில் ஒரு கல்லூரி தன் மைதானத்தைக் கொடுத்தது. கடலூரில் ஒரு பயிற்சியாளர் விடிகாலையில் மைதானத்துக்கு வந்து நின்றார். பிரஸ்டனில் ஒரு கிளப் டீப்டேலைத் திறந்துவிட்டது. மூன்று இடத்திலும் முதலில் கிடைத்தது மைதானம். திறமை அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது.

மகாராஜபுரம் பக்கம்

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வந்து, சதுரகிரி போகிறவர்கள் தாணிப்பாறைக்குத் திரும்பும் வழியில் இருப்பது மகாராஜபுரம். மேற்கே மலை, சுற்றிலும் நெல்லும் தென்னையும். ஆடி அமாவாசைக்கு இந்த ரோட்டில் நடக்க இடம் இருக்காது. பக்கத்துக் கூமாபட்டியை 2025-இல் ஒரு செல்போன் வீடியோ தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நல்லதுதான். ஒரு வீடியோவால் கூமாபட்டி தெரிந்த ஊருக்கு, ஒரு தேசியக் கோப்பையால் காரியாபட்டி தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊர்ப் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானங்களைப் பாருங்கள். பொட்டலில் கிரிக்கெட், ஓரத்தில் வாலிபால், தண்ணீர் வற்றினால் கண்மாய்க்குள் இன்னொரு கிரிக்கெட். எல்லாம் பையன்கள். பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடுகிறார்கள், ஓடுகிறார்கள், மண்டல அளவில் ஜெயித்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள். பள்ளி மணி அடித்ததும் அவர்களின் விளையாட்டும் முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் அதுவும் நின்றுவிடும். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பையன்கள் ஆடிக்கொண்டிருக்கும் பொட்டலுக்குள் ஒரு பதினான்கு வயதுப் பெண் தனியாகப் பந்தோடு இறங்குவாளா? இறங்கினால் மறுநாள் தெருவில் என்ன பேச்சு வரும்? 1921-இல் இங்கிலாந்துச் சங்கம் தீர்மானம் போட்டுச் செய்ததை நாம் தீர்மானம் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

லங்காஷயரைப் போலவே இதுவும் பஞ்சாலைப் பூமி. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து மூன்று தலைமுறை இங்கே நூலோடு வாழ்ந்திருக்கிறது. சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஷிப்டு முடித்து நாள் முழுக்க நின்ற காலோடு வீட்டுக்கு நடக்கும் பெண்கள் இந்த ரோடுகளில் ஆயிரக்கணக்கில் உண்டு. பிரஸ்டன் பெண்களும் அப்படி நின்ற கால்களோடுதான் மைதானத்துக்குப் போனார்கள். நம் ஆலை முதலாளிகள் கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் தாராளமாகக் கொடுப்பவர்கள். தங்கள் வளாகத்தில் ஓர் ஓரத்தில் இரண்டு கோல் போஸ்ட் நட்டு, வாரத்தில் இரண்டு சாயங்காலம் பெண் தொழிலாளர்களுக்கும் அவர்கள் பெண் பிள்ளைகளுக்கும் விட்டால் ஆகும் செலவு மிகக் குறைவு.

அரசாங்கத்தின் பங்கும் ஓரளவு வந்திருக்கிறது. ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டுச் சாமான் தொகுப்பு வழங்கப்பட்டிருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பெண்களுக்கும் கால்பந்து இருக்கிறது. காரியாபட்டி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே ஆடியவர்களை ஒரு நாள் அழைத்து வந்து நம் பிள்ளைகள் முன்னால் பந்தை உருட்டச் சொல்லலாம். பற்றாக்குறை நேரத்திலும் இடத்திலும்தான். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு தீர்மானத்தைக் கேளுங்கள். ஊராட்சி மைதானம் தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும். எழுத்தில் பதிவாகட்டும். முதல் வாரம் உங்கள் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நீங்களே போய் மைதான ஓரத்தில் நில்லுங்கள். மகாராஜபுரத்தில், வத்திராயிருப்பில், கூமாபட்டியில், ராஜபாளையத்தின் தெருக்களில், இந்த ஒரு மணி நேரத்தை வாங்கிக் கொடுங்கள்.